செயினில் ஒரு சிவப்புப் பொட்டு

தொங்குகிற எதைக் கண்டாலும் இராயப்பனின் ஆட்காட்டி விரல் சும்மா இருக்காது. துணி காயப்போடும் கம்பி, கோயில் மணிக்கயிறு, கடையில் வாழைக்குலை கட்டிய கயிறு, எதுவானாலும் சரி, நடுவில் விரலைக் கொடுத்து மேலே ஒரு தட்டுத் தட்டுவார், கீழே ஓர் அழுத்து அழுத்துவார். பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு "கொஞ்சம் எறுக்கம்" என்பார். இல்லாவிட்டால் "தொள தொள" என்பார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் நடையைக் கட்டுவார். அந்த மௌனம்தான் அவர் தருகிற நற்சான்றிதழ்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், முன்வரிசையில் நின்ற, தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் காற்சட்டைத் தோள்வாரைப் பின்னாலிருந்து விரலால் தூக்கிப் பார்த்துவிட்டார் என்று தோட்டத்தில் ஒரு கதை உண்டு. அப்படி நடக்கவே இல்லை என்று மாதாவின் மேல் சத்தியம் செய்கிறார் இராயப்பன். பக்கத்தில் இருக்கும் அவர் மனைவி ஜோசப்பின் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

இராயப்பனுக்கு வயது ஐம்பத்து நாலு. நல்லதண்ணிக்கு மேலே, சிவனொளிபாத மலையைப் பார்த்தபடி கிடக்கும் கருங்கல்மலைத் தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது முப்பது வருடமாக அவர் வேலை. தொழிற்சாலையை 'ஸ்டோர்' என்பார்கள் இங்கே. கைவேலைக்காரரைப் 'பாஸ்' என்பார்கள். ஆகவே துரை முதல் தொட்டில் பிள்ளை வரை எல்லாருக்கும் அவர் இராயப்பன் பாஸ். ஆள் குள்ளம். காக்கிக் கோட்டு முழங்கால் வரை தொங்கும். கோட்டின் இடது பையில் இரண்டு ஸ்பேனர். வலது பையில் தக்கையடைத்த போத்தலில் சீனி போடாத வெறும் தேத்தண்ணி. கோட்டுக்குள் நுழையாமல் அவர் வெளியே வந்ததை யாரும் பார்த்ததில்லை.

இயந்திரங்களோடு அவர் பேசுவார். கொழுந்து அரைக்கும் பெரிய ரோதைக்குக் 'கெழவி' என்று பெயர். தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு 'மாமியா'. "கெழவிக்கு இன்னைக்கு மூட்டு வலி" என்றால் பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். "மாமியா மொகம் செவந்திருச்சு" என்றால் விறகைக் குறைக்க வேண்டும். மனிதர்களோடு அவர் பேசுவது இதில் பாதிகூட இராது.

இந்தக் குடும்பத்தில் கடைசியாக வந்து சேர்ந்ததுதான் தவக்களை.

பொல்பிட்டியப் பக்கம் மின்சார வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர், நாடு திரும்பும்போது தம் நண்பரான தோட்டத்துத் துரைக்கு அன்பளிப்பாக விட்டுப்போன வண்டி அது. மோட்டார் சைக்கிளும் இல்லை, டிராக்டரும் இல்லை. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று பூசணிக்காய் போல ஊதின மூன்று டயர். நடுவில் குதிரைச் சேணம் மாதிரி ஓர் ஆசனம். சேறு, கல், படிக்கட்டு, ஓடைத் தண்ணீர் எதையும் பாராமல் ஏறும். மஞ்சள் பெயின்ட் அடித்து, குந்திக்கொண்டு நிற்கிற அதன் கோலத்தைப் பார்த்த பிள்ளைகள், வந்த அன்றே 'தவக்கள' என்று பெயர் வைத்துவிட்டார்கள். துரை ஒருநாள் ஓட்டிப் பார்த்தார். தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தார். மறுநாளே அதைத் தோட்டத்துக்குத் தானம் செய்துவிட்டார்.

அந்த வருடத்து ஆடி மழையில் மேக்கணக்குக்குப் போகும் பாதை மண்சரிவில் போயிற்று. மேக்கணக்கு என்பது தோட்டத்தின் உச்சிப் பகுதி, தொழிலாளர் வீடுகள் வரிசையாய் ஒட்டி நிற்கும் எட்டு லயமும் ஒரு மாரியம்மன் கோயிலும் உள்ள இடம். லொறி ஏற முடியாது. டெலிபோன் கம்பியும் பாதையோடு போனது இன்னும் வந்தபாடில்லை. தவக்களை மட்டும் ஏறியது. தபாலும் மருந்தும் மேலே போக, நோயாளிகள் கீழே வர, அது ஒன்றுதான் வழி என்றாயிற்று. இராயப்பன் பழைய இரும்பு நாற்காலியின் காலை வெட்டி, சாரதிக்குப் பின்னால் நோயாளி ஆசனம் ஒன்று பொருத்திக் கொடுத்தார்.

தினமும் காலை ஏழு மணிக்குத் தவக்களை ஸ்டோர் வாசலுக்கு வந்து நிற்கும். இராயப்பன் சாக்கை விரித்து அதன் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்வார். பின்சக்கரம் இரண்டுக்கும் ஒரே இரும்புத் தண்டு. அதைத் தாங்கும் கூட்டில் நாலு போல்ட். நாலையும் "மூச்சு விடற மட்டும்" தளர்த்துவார். பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் நட்டைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பத் திருப்பத் தண்டு பின்னுக்கு நகரும், செயின் இறுகும். பல்லுச் சக்கரம் இரண்டுக்கும் நடுவில், செயினுக்குக் கீழே விரலைக் கொடுத்து ஆட்டிப் பார்ப்பார். அரை அங்குலம் ஆட வேண்டும். அடிமட்டம் எல்லாம் கிடையாது. அவருடைய பெருவிரல் நகம் சரியாக அரை அங்குலம்.

வேறு யாராவது என்றால் அத்தோடு எழுந்துவிடுவார்கள். இராயப்பன் வண்டியைக் கொஞ்சம் உருட்டச் சொல்லி மறுபடி விரலைக் கொடுப்பார். மறுபடி உருட்டல், மறுபடி விரல். பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தேயாது. ஓர் இடத்தில் தொளதொளக்கும், வேறோர் இடத்தில் விண்ணென்று நிற்கும். விண்ணென்று நிற்கிற அந்த இடத்தில் சிவப்புப் பெயின்டால் ஒரு பொட்டு வைத்திருக்கிறார். பொட்டு சுற்றி வந்து விரலுக்கு மேலே நிற்கும்போது அரை அங்குலம் ஆடினால்தான் அவருக்குத் திருப்தி.

"இவளுக்கு வலிக்கிற எடம் இதுதான். இங்க பாத்துத்தான் வெக்கணும்" என்பார். "சும்மா எறுக்கி எறுக்கி வெச்சா, எறக்கத்துல பட்டுன்னு அறுந்து சக்கரத்துல சுத்திக்கும். அப்புறம் வண்டி ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம்."

இவ்வளவும் நடக்கும்போது அங்கே நடக்கும் பேச்சைக் கேட்கவென்றே ஸ்டோர் ஆட்கள் கையில் ரொட்டியோடு வந்து நிற்பார்கள். ஏன் என்று கேட்கிறீர்களா? தவக்களையின் சாரதி வீரய்யா, இராயப்பனின் மருமகன். இரண்டு வருடமாக மாமனாரும் மருமகனும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. பேசவேண்டியது எல்லாம் தவக்களை வழியாகத்தான்.

"தவக்கள, ஒன்ன ஓட்டறவன் நேத்து ஆத்துக்குள்ள எறக்கினானான்னு கேளு. செயின்ல மணல் இருக்கு."

வீரய்யா வண்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வான். "எறக்கலன்னு மாமாகிட்ட சொல்லு தவக்கள. பாலத்துல ஆளுங்க மரம் இழுத்துக்கிட்டு நின்னாங்க. ஓரமா போனேன்."

"ஓரமா போனா மணல் எப்படி வருமாம்?"

"பாசுக்கே தெரியலன்னா எனக்கு எப்படித் தெரியும்னு கேளு."

"செயினுக்குத்தான் எண்ண போடணும், வாய்க்குத் தேவையில்லன்னு சொல்லு."

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். இருவர் முகத்திலும் ஒரு கோடு அசையாது. நடுவில் தவக்களை, இருவருக்கும் நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டு நிற்கும்.

விஷயம் இதுதான். இராயப்பனுக்கு ஒரே மகள் மரியநாயகி. மேக்கணக்குப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. தினமும் காலையில் மலை ஏறிப் போனவள், ஒருநாள் மாலை இறங்கி வரவில்லை. அட்டனில் கடை வைத்திருந்த, ஞானஸ்நானம் பெற்ற ஒரு பையனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார் இராயப்பன். அவளோ மேக்கணக்கு மாரியம்மன் கோயிலில் வீரய்யாவின் கையால் தாலி வாங்கிக்கொண்டாள்.

அன்று எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் வைத்து, நாலு பேர் கேட்க, அவர் சொன்னதை இன்றும் லயத்தில் சொல்வார்கள். "அந்த லயத்துப் பச்சத்தண்ணி ஒரு சொட்டு என் தொண்டையில எறங்குனா நான் இராயப்பன் இல்ல!"

சொன்னபடியே இருந்தார். மேக்கணக்கில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு பழுது என்று இரண்டு முறை போக நேர்ந்தது. போத்தல் கோட்டுப் பையில் கூடவே போயிற்று. மகளின் லயத்துப் பக்கம் தலையைத் திருப்பாமல் வேலையை முடித்து, சொந்தத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு இறங்கினார். பிள்ளைக்காம்பரா வாசலில் ஒருத்தி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். அன்று இறங்கும்போது வழியெல்லாம் தேயிலைச் செடியோடு பேசிக்கொண்டு வந்தார் என்று கண்டவர்கள் சொல்கிறார்கள்.

தவக்களைக்குச் சாரதியாக வீரய்யாவைத் துரை போட்டபோது, பாஸ் இனி அந்த வண்டியைத் தொடமாட்டார் என்றுதான் எல்லாரும் எண்ணினார்கள். "மெசினு என்னய்யா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டுச் சாக்கை விரித்தார் இராயப்பன்.

மரியநாயகி முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி எப்படியோ ஜோசப்பின் காதுக்கு வந்தது. இரவு சோறு போடும்போது சுவரைப் பார்த்துச் சொன்னாள். இராயப்பன் சாப்பிட்டுக் கை கழுவினார். மறுநாள் தவக்களையின் நோயாளி ஆசனத்தில் இருந்த பழைய சாக்கு மாறி, தும்பு மெத்தைத் துண்டு ஒன்று வந்திருந்தது. பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் இரும்பு வளையம். "மேக்கணக்குக் கெழவிங்களுக்கு இடுப்பு வலியாம்" என்றார், யாரும் கேட்காமலே.

ஏழாம் மாதம் மேலே வளைகாப்பு. நல்லதண்ணிக்குச் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஜோசப்பின் மலை ஏறினாள். மாலையில் வெறும் கூடையோடு திரும்பியவளின் கையில் இரண்டு கண்ணாடி வளையல் கிலுங்கியது, கழற்ற மறந்துவிட்டாள். இராயப்பன் பார்த்தார். ஆட்காட்டி விரலை நீட்டி ஒரு வளையலை மெல்லத் தூக்கினார்.

"தொள தொள" என்றார். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முதல் பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வரவேண்டும். இது எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களுக்கும் பொதுவான வழக்கம். நாள் நெருங்க நெருங்க ஜோசப்பின் முன் காம்பராவைச் சாணம் போட்டு மெழுகினாள். பழைய சீலைகளைத் துவைத்துக் கிழித்து மடித்து வைத்தாள். ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். வார்த்தை வரவில்லை. ஒருநாள் அவளுக்கும் பொறுமை போயிற்று.

"ஆஸ்பத்திரியில அஞ்சு நாளு வெச்சிருப்பாங்க. அப்புறம் பச்ச ஒடம்புக்காரிய எங்க கூட்டிக்கிட்டுப் போறது? சொல்லுங்க."

இராயப்பன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தவக்களைக்கு எங்க வலிக்குதுன்னு தெரியுது. பொட்டு வெச்சு ஞாபகம் வெச்சிருக்கீங்க. நீங்க பெத்தவளுக்கு எங்க வலிக்குதுன்னு ரெண்டு வருசத்துல ஒரு நாளாச்சும் வெரல வெச்சுப் பாத்தீங்களா?"

இராயப்பன் துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தார். மூன்றாம் முறையும் துடைத்தார்.

போன பங்குனியில் ஒரு வியாழக்கிழமை. வழக்கம்போல் ஏழு மணி, வழக்கம்போல் சாக்கு. இராயப்பன் போல்ட் நாலையும் தளர்த்திவிட்டு நட்டில் ஸ்பேனரை வைத்திருந்தார். வீரய்யா கைப்பிடியைப் பார்த்தபடி தொண்டையைச் செருமினான்.

"தவக்கள, நாளைக்கு எட்டு மணிக்கு நம்ம வீட்டுப் புள்ளைய ஏத்திக்கிட்டு எறங்கணும். தண்ணி போட்டவனாட்டம் ஆடி ஆடிப் போவாத. மருத்துவச்சியம்மா பாத்துட்டு, இனி மேல இருக்க வேணாம்னுட்டாங்க."

ஸ்பேனர் நின்றது. ஸ்டோருக்குள்ளே கிழவி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தாள்.

இராயப்பன் நட்டை அரைச் சுற்றுத் திருப்பினார். இன்னும் அரைச் சுற்று. அவர் கண்முன்னே மேக்கணக்கு இறக்கத்தின் பதினோரு வளைவுகளும் வந்தன. ஒவ்வொரு வளைவிலும் ஓரத்தில் பள்ளம். செயின் நழுவிவிடக்கூடாது, எது ஆனாலும் நழுவிவிடக்கூடாது. இன்னும் கால் சுற்று. விரலைக் கொடுத்துப் பார்த்தார். போல்ட் நாலையும் இறுக்கினார். எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டு ஸ்டோருக்குள் போய்விட்டார். சாக்கைச் சுருட்டவும் மறந்துபோனார்.

அன்றைய வேடிக்கைக்கு வந்தவர்கள் வெறும் ரொட்டியோடு திரும்பினார்கள். "பாசு இன்னிக்கு வண்டிய உருட்டவே இல்லையே" என்று ஒருவன் சொன்னான். யாரும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஏழு மணிக்குத் தவக்களை வரவில்லை. எட்டு மணிக்கு அங்கிருந்து புறப்பட வேண்டியிருந்ததால் வீரய்யா மேலேயே தங்கிவிட்டான். இராயப்பன் ஸ்டோருக்குள் சின்ன ரோதையின் செயினுக்குக் கீழே விரலைக் கொடுத்தார். மேலே தட்டினார். கீழே அழுத்தினார். அரை அங்குலம் இதமாக ஆடியது.

விரல் அப்படியே நின்றுவிட்டது.

நேற்று இந்த ஆட்டம் இல்லை. நேற்றுத் தவக்களையின் செயின் இந்த விரலுக்கு மேலே கம்பி மாதிரிக் கிடந்தது. கம்பி மாதிரிக் கிடந்ததைத் தொட்டுவிட்டுத்தான் போல்ட்டை இறுக்கினார். அது மட்டுமா? வண்டியை உருட்டவில்லை. சிவப்புப் பொட்டை அவர் கண்ணால் காணவே இல்லை. பொட்டு இல்லாத இடத்திலேயே கம்பி மாதிரி என்றால், பொட்டு சுற்றி வந்து பல்லில் ஏறும்போது? பின்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி பாரமும் இருந்து, பதினோரு வளைவு இறக்கமும் என்றால்?

முப்பது வருடத்தில் அவர் யாருக்கும் செய்யாத பிழை. யாருக்குச் செய்தார் பாருங்கள்!

"மாத்தயா, மட்ட பெயக் தென்ன!" ஒரே ஒரு மணித்தியாலம் கொடுங்கள் என்று ஸ்டோர் பொறுப்பாளரான டீமேக்கரிடம் சிங்களத்தில் கத்திக்கொண்டே அவர் வாசலைத் தாண்டிவிட்டார். கடிகாரம் ஏழே காலைக் காட்டியது. தவக்களையின் பாதையில் நடந்தால் ஒன்றரை மணி நேரம். தேயிலை நிரைகளுக்கு நடுவே செங்குத்தாய் ஏறும் குறுக்குப் பாதையில், இளந்தாரிகள் முக்கால் மணியில் ஏறுவார்கள். இராயப்பன் குறுக்குப் பாதையில் ஏறினார். முழங்கால் இரண்டும் அழுதன. கோட்டு செடிகளில் மாட்டி மாட்டி இழுத்தது.

கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு இது பெரிய அதிசயம். இராயப்பன் பாஸ் ஓடி யார் பார்த்தது?

"என்னங்க பாசு, சிறுத்த கிறுத்த தொரத்துதா?"

"சிறுத்தைக்கு இந்த ஒடம்புல என்னடி இருக்கு திங்கிறதுக்கு? கோட்டத் திங்குமா?" என்றாள் இன்னொருத்தி.

அவர்கள் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார்கள். அவர் முகத்தைப் பார்த்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு, வழியில் நீட்டிக்கொண்டிருந்த கிளையை விலக்கிப் பிடித்தாள். அவர் மூச்சிரைக்கக் கடந்து போனார். அவர் உதடுகள் மட்டும் ஓயாமல் அசைந்தன. இந்த முறை செடியோடு பேசவில்லை. "அருள் நிறைந்த மரியே" என்று ஜெபம் முன்னுக்குப் பின்னாக வந்துகொண்டிருந்தது.

எஞ்சின் சத்தம் காதில் விழுந்தபோது உச்சிக்கு இன்னும் நாற்பது படி இருந்தது.

மேக்கணக்கு மூன்றாம் லயத்து வாசலில் தவக்களை உறுமிக்கொண்டு நின்றது. மரியநாயகி நோயாளி ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து, இரும்பு வளையம் இரண்டையும் பிடித்திருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். கழுத்தில் மஞ்சள் தாலியும், அதற்குப் பக்கத்தில், சின்ன வயதில் மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று அப்பா வாங்கிப் போட்ட சின்னச் சிலுவையும். வீரய்யாவின் தாய் மீனம்மா மருமகளின் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தாள். லயமே கூடி வழியனுப்ப நின்றது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு இராயப்பன் வந்தார். வாய் பேச மூச்சில்லை. நேரே தவக்களையிடம் போனார், கையை நீட்டி எஞ்சினை நிறுத்தினார்.

திடீரென்று விழுந்த அமைதியில் ஒரு குழந்தை மட்டும் இருமியது.

"தவக்கள..." வீரய்யா கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டான். "இன்னிக்கு சண்ட வேணாம்னு சொல்லு. ரெண்டு வருசம் பொறுத்தாங்க. இன்னும் ஒரு நாள் பொறுக்கச் சொல்லு."

"அண்ணே," மீனம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "நல்ல காரியத்துக்குப் பொறப்பட்டு நிக்கிற புள்ளண்ணே. எது இருந்தாலும் என்னய ஏசுங்க."

இராயப்பன் தலையை ஆட்டினார். மார்பு ஏறி இறங்கியது. வாய் திறந்து மூடியது. பிறகு, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, தவக்களையைப் பார்க்காமல், கைப்பிடியைப் பார்க்காமல், மருமகன் முகத்தை நேரே பார்த்தார்.

"வீரய்யா, நேத்து நான் பிழையா வெச்சிட்டேன்."

லயம் முழுவதும் கேட்டது அந்த வார்த்தை. வீரய்யாவுக்குத்தான் விளங்கச் சற்று நேரம் ஆயிற்று.

"செயின... ரொம்ப எறுக்கிட்டேன். உருட்டியும் பாக்கல. புள்ளைய எறக்கு. மொதல்ல புள்ளைய எறக்கு மாப்ள."

மரியநாயகியை இருவர் தாங்கி இறக்கினார்கள். அவள் அப்பாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இராயப்பன் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் கை நடுங்கும், நடுங்குகிற கையால் ஸ்பேனர் பிடிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். சாக்கு இல்லை. ஈர மண்ணிலேயே ஒருக்களித்துப் படுத்தார்.

"உருட்டு."

வீரய்யா உருட்டினான்.

"இன்னும் கொஞ்சம். நிப்பாட்டு!"

சிவப்புப் பொட்டு வந்து நின்றது. இராயப்பன் விரலைக் கொடுத்து அழுத்தினார். செயின் அசையவில்லை. வீரய்யா குனிந்து தன் விரலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அவன் முகம் வெளிறிப்போயிற்று. பதினோரு வளைவும் இருவர் கண்ணுக்குள்ளும் இருந்தது.

போல்ட் நாலும் தளர்ந்தன. நட்டு அரைச் சுற்றுப் பின்னுக்கு வந்தது, பிறகு இன்னும் அரைச் சுற்று. வீரய்யா சக்கரத்தை முன்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டான். விரல். இன்னும் கால் சுற்று. விரல். பொட்டுக்குக் கீழே செயின் முதல் தடவையாக மெல்ல அசைந்தது. பெருவிரல் நகத்தை வைத்துப் பார்த்தார். போல்ட்டுகளை இறுக்கினார். வண்டியை உருட்டச் சொல்லி, ஒரு முழுச் சுற்று, இரண்டு முழுச் சுற்று, பொட்டு வந்து போய் வந்து போய், நாலு இடத்தில் விரலைக் கொடுத்துப் பார்த்தார். கடைசியில் ஒன்றும் சொல்லாமல் கையை எடுத்தார்.

"சரியா வந்திருச்சு போல" என்றான் கூட்டத்தில் ஒருவன், அவருடைய மௌனம் தெரிந்தவன்.

மீனம்மா ஓடிப்போய் எவர்சில்வர் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். "ஒரு மொடக்குக் குடிங்கண்ணே. தொண்ட காஞ்சு கெடக்கே." இராயப்பன் பழக்கத்தில் கையசைத்து மறுத்தார். பழக்கத்திலேயே கோட்டின் வலது பையைத் தடவினார். பை காலியாக இருந்தது. போத்தல் ஸ்டோரில், சின்ன ரோதையின் பக்கத்தில், தக்கை திறந்தபடி இருந்தது.

கை இரண்டும் மணிக்கட்டு வரை கறுப்பு. துடைக்கத் துணியில்லாமல் அப்படியே விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார், பிறருடைய கைகள் மாதிரி.

மரியநாயகி உள்ளே போனாள். செம்பில் தண்ணீரோடு வந்தாள். ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, ஒரு படி இறங்கி, அவர் எதிரில் நின்றாள்.

"கைய நீட்டுங்கப்பா."

நீட்டினார். முதல் தண்ணீரில் மணல் போயிற்று. வீரய்யா எங்கிருந்தோ ஒரு சவுக்காரத் துண்டைக் கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்தான். தேய்த்தார். இரண்டாவது தண்ணீரில் நுரை கறுத்து வழிந்து வாசல் மண்ணில் ஓடியது. அவள் சாய்க்கும்போதெல்லாம் வளையல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிலுங்கின. இரண்டு வருடமாக அவர் கேட்காத கையின் சத்தம் அது.

மூன்றாவது தடவை அவள் செம்பைச் சாய்த்தபோது இராயப்பன் கையைத் தேய்க்கவில்லை. இரண்டு கையையும் சேர்த்துக் குவித்தார். நிரம்பும் வரை காத்திருந்தார்.

"அப்பா, இன்னும் கிரீசு போகலப்பா..."

குனிந்து குடித்தார். ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, குவித்த கையை மறுபடியும் மகளிடம் நீட்டினார்.